கட்டவெரல் வாங்குன இந்தியா

1

...அது கெடக்கட்டும் செல்லாயி, அவ மருமக கதைய அப்புறம் பேசுவோம். பூக்கமிசன் கடையில ஒன்னைய நிப்பாட்டிக் கேட்டாகளாமே, பாக்கியத்து மகன் குமாரு ஏரோப்பிளான் வாங்கிட்டானாமேன்னு. ஒம்மருமகதான் சொன்னா. அந்தப் பேச்சக் கெளப்பி விட்டது வேற யாருமில்லடி, நாந்தான். போன பொங்கலுக்கு ஒன்னோட நாத்தனாகிட்ட போன்ல பேசயில வாயில வந்துருச்சு. அவகிட்டச் சொன்னா கீரமங்கலம் பூராவும் போகும், அப்புறம் ஆலங்குடி போகும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.

வாங்குனது நெசந்தான். ஆனா முழுசா இல்ல. மூணுல ஒரு பங்கு. நம்ம மேலத்தோட்டத்துப் பங்குக் கெணறு இருக்குல்ல, அந்த மாதிரி வச்சுக்கயேன். மூணு பேருக்கும் மொறை உண்டு, குமாரு மொறை ஞாயித்துக்கெழம. மோட்டாருல கோளாறுன்னா மூணு பேரும் சுத்தி நின்னுக்கிட்டு ஆளுக்கொண்ணு பேசுறது கூட அதே மாதிரிதான். உள்ள நாலு பேரு உக்காரலாம். நம்ம மினி பஸ்ஸுல டிரைவர் சீட்டையும் அதுக்குப் பின்னாடி ஒரு சீட்டையும் வெட்டி எடுத்தா எம்புட்டு இருக்கும், அம்புட்டுத்தான். எம்பேத்தி யாழினி பொறக்குறதுக்கு முன்னாடியே பழசாப் போனது. இதெல்லாம் நான் ஒன்னோட நாத்தனாகிட்டச் சொல்லல. அவன் பைலட்டு இல்ல, இரும்பு வெட்டுற சொரங்கத்துல எஞ்சினியரு, லீவு நாள்ல பறக்க லைசென்சு வாங்கி வச்சுருக்கான், அதையும் சொல்லல.

நேத்தோட நான் இந்த ஆஸ்திரேலியாவுக்கு வந்து நாலு வருசம். கலா கேசரி கிண்டுனா. மாமியா வந்த நாளுக்குக் கேசரி கிண்டுற மருமக எவளுக்குக் கெடைக்கும் சொல்லு. தின்னுக்கிட்டே நெனச்சேன், செல்லாயிகிட்ட எல்லாத்தையும் கொட்டிறணும்னு. ஒரு அசிங்கம் பண்ணிப்புட்டேன்டி. இத நீ கடையில வச்சு சத்தமாப் போட்டுக் கேக்காத. வீட்டுக்குள்ள போயி, காதோட வச்சுக் கேளு.

2

அறுந்துபோச்சு. மைக்கு படத்துல இருந்து வெரல எடுத்துட்டேன் போல. மேல தள்ளி விட்டா அதுவா ஓடும்னு யாழினி சொல்லிக் குடுத்தா. இப்பத் தள்ளிட்டு அடுப்பு மேடையில சாத்தி வச்சுருக்கேன். சப்பாத்திக்கு மாவு பெசையணும், பேசிக்கிட்டே பெசையிறேன்.

எங்க விட்டேன்? ஏரோப்பிளான். அதுக்குள்ள ஸ்டீரிங்கு கிட்ட ஒரு டிவி மாதிரி இருக்கு. அதுல படம் தெரியும். எந்தப் பக்கம் மலை, எங்க டவரு, எங்க எறங்கலாம், எந்த எடத்துக்கு மேல போகக் கூடாது, எல்லாம். அந்தப் படத்துக்குப் பேரு சார்ட்டு. வீட்டுல இருக்க பொட்டியில சந்தா கட்டி வாங்கி, அதுல ஏத்துறது. பொட்டின்னா பெரிய போனு மாதிரி, பலக கணக்கா இருக்குமே, டேப்பு டேப்புங்குறாகளே, அது.

மொத தடவ நான் அந்தப் பேரக் கேட்டது எப்புடின்னு சொல்றேன் கேளு. குமாரு போன்ல பேசிக்கிட்டு இருக்கான், 'சார்ட்டு எக்ஸ்பயர் ஆயிருச்சு, வியாழக்கெழம எக்ஸ்பயர் ஆயிருச்சு'ங்குறான். நம்ம வீட்டு ஆம்பள போன அன்னிக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில நர்சம்மா அந்த வார்த்ததான சொன்னா. அவன் போன வைக்கவும் கேட்டேன், "யாருப்பா அந்தச் சார்ட்டு? கூட வேல பாக்குற ஆளா? பிள்ளகுட்டி இருக்கா?"ன்னு. பொடச்சுக்கிட்டு இருந்த கடலப்பருப்ப எடுத்து உள்ள வச்சுட்டேன், துக்க வீட்டுக்குப் போயிட்டு வர்றவனுக்கு வடையா போடுவாகன்னு.

அவன் சிரிச்சு ஓஞ்சுட்டுச் சொன்னான், "அம்மா, அது ஆளு இல்ல, மேப்பு. இருவத்தெட்டு நாளைக்கு ஒருக்கா புதுசு வரும். பழச வச்சுக்கிட்டு மேல போகக் கூடாது, சட்டம்." அட, பஞ்சாங்கம் மாதிரி. வானத்துக்குப் பஞ்சாங்கம்.

இந்தத் தடவ எதுக்குச் சந்தா கட்டுறதுன்னு ஒரு வாரமாப் பேச்சு. கெவின்னு ஒரு வெள்ளக்காரக் கெழவன், ஏரோப்பிளான்ல அவனும் ஒரு பங்கு. நல்ல மனுசன். என்னைய 'பக்கி'ன்னு கூப்புடுவான். பாக்கியம்னு சொல்ல அவன் வாயிக்கு வரல. நம்ம தெருவுல ஒருத்தி என்னைய அப்புடிக் கூப்புட்டுருந்தா அவ கொண்ட என் கையில இருக்கும். இங்க, 'எஸ் கெவின்'ங்குறேன்.

கெவினு சொல்றான், நம்ம சுத்திப் பறக்குற இந்தச் சில்லாவுக்கு மட்டும் வாங்குனாப் போதும்னு. இவன், வேணாம், பூராவும் வாங்குவோம், மேகத்துக்குள்ள எறங்குற வழியும் அதுல வரும்ங்குறான். "நீ மேகத்தப் பாத்தா வீட்டுக்குத் திரும்புற ஆளு, ஒனக்கு எதுக்கு மேகத்துக்குள்ள வழி?"ன்னு கெவினு கேட்டானாம். கலா எனக்குத் தமிழ்ல சொன்னா. நான் வடையத் தட்டுல வச்சுட்டு அந்தப் படத்த எட்டிப் பாத்தேன். எனக்குப் புடிச்சுப்போச்சு செல்லாயி. நீலம்னா தண்ணி. பழுப்புன்னா மேடு, கூடுனா மல. மஞ்சளாக் கெடந்தா ஊரு. ஒரு எழுத்துத் தெரிய வேணாம், பாத்தா வெளங்குது. எம்பொழப்புல மொத மொதல்ல ஒரு காயிதத்த நானாப் படிச்ச மாதிரி இருந்துச்சு.

"இதுல கீரமங்கலம் எங்கப்பா?"ன்னு கேட்டேன்.

"இதுல இந்தியா இல்லம்மா. அதுக்கு வேற சந்தா."

கடைசியில கெவினு சொன்னதுதான் நின்னுச்சு. சின்னது போதும், வர்ற வியாழக்கெழமைக்குள்ள வாங்கிரணும். ஏன்னா அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம யாழினிக்குப் பன்னெண்டாவது பொறந்த நாளு. முன்னாடி சீட்டுல உக்கார வச்சு, கடலு வரைக்கும் கூட்டிட்டுப் போயி, ஒரு நிமிசம் ஸ்டீரிங்கக் கையில குடுக்குறேன்னு அவ அப்பன் ஒரு வருசமாச் சொல்லி வச்சுருந்தான். பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ள பாக்கி இல்லாமச் சொல்லிட்டா. என் பேத்தில்ல.

3

இப்ப வெரல் கதைக்கு வாரேன்.

ரேசன் கடையில மிசினு வந்தப்ப நம்ம பட்ட பாடு ஒனக்கு நெனப்பு இருக்கா? "வெரலு விழல ஆத்தா, தொடச்சுட்டு வை"ம்பான். தொடச்சுட்டு வச்சா, "அடுத்த வெரல வை"ம்பான். பின்னாடி நிக்கிறவுக பூராவும் உச்சுக் கொட்டுவாக. மல்லிக மொட்டக் கிள்ளிக் கிள்ளி எனக்குக் கட்டவெரல்ல ரேகையே இல்ல. மகளிர் குழுவுல கைநாட்டுன்னு ஒருத்தி சிரிச்சா பாரு, அன்னிக்குத்தான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன். அது எழுத்து இல்லடி. ஒரு வட்டம், ஒரு காலு, ஒரு கொக்கி, மேல ரெண்டு புள்ளி. கோலம் மாதிரி மனப்பாடம். அதுல ஒரு எழுத்தத் தனியாக் காட்டி இது என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

இங்க வந்து நாலு வருசமா வெரலுக்கு வேல இல்ல. ஒரு நாளு வெயில்ல உக்காந்து கையப் பாக்குறேன், கட்டவெரல்ல ரேகை மொளைச்சு வந்துருக்கு. வேல இல்லாம வந்த ரேகை. குமாரு அந்தப் பொட்டியில என் வெரலையும் பதிஞ்சு வச்சான், நானாத் தொறந்து ஒங்களோட எல்லாம் பேசட்டும்னு. வச்ச ஒடனே விழுந்துச்சு. நான் சும்மாவே நாலு தடவ பூட்டி பூட்டித் தொறந்து பாத்தேன்.

யாழினி இன்னொண்ணும் செஞ்சா. பொட்டிய எனக்காகத் தமிழுக்கு மாத்தி வச்சா. "இனிமேல் நீ எல்லாவற்றையும் நீயே படித்துக்கொள்ளலாம் அப்பத்தா"ன்னா. அவ பேசுறது அப்புடித்தான், ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி. தமிழ் கிளாஸ் தமிழு. நான் "நல்லது ஆத்தா"ன்னு சொல்லி வச்சேன்.

அந்தச் செவ்வாக்கெழம வீட்டுல ஆரும் இல்ல. பொட்டி மேசையில கெடந்துச்சு. தொறந்தா அந்தச் சார்ட்டுக் கடைதான் நிக்குது, குமாரு பாதியில விட்டுட்டுப் போயிருக்கான். தள்ளிக்கிட்டே வாரேன், சின்னச் சின்னக் கட்டமா, ஒவ்வொண்ணுலயும் ஒரு நாட்டுப் படம். நம்ம இந்தியாப் படம் எனக்குத் தெரியாதா? மழச் செய்தியில தெனம் பாத்த படந்தான, கீழ கூம்பா. அதத் தொட்டேன். தமிழ்ல ஏதோ ரெண்டு வரி வந்துச்சு. அடியில கட்டவெரல் படம்.

கட்டவெரல் படத்தக் காட்டுனா வெரல வைக்கணும். ரேசன் கடையில இருந்து நமக்குத் தெரிஞ்ச சட்டம் அதுதான. வச்சேன். ஒரே தடவையில விழுந்துருச்சு. பச்சையா டிக்கு ஒண்ணு வந்துச்சு. கையத் தட்டாத கொறைதான்.

அப்புறம் ஒரு படம் வந்துச்சு. கோடு கோடா, வட்டம் வட்டமா. நம்ம ஊரத் தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் அம்புடல. மூடி வச்சுட்டு ரசத்துக்குப் புளியக் கரைக்கப் போயிட்டேன்.

4

மறுநா சாயங்காலம் குமாரு பொட்டியத் தொறந்தவன் அப்புடியே உக்காந்துட்டான்.

"யாரு இந்தியாவுக்குச் சந்தா கட்டுனது? ஒரு வருசத்துக்கு. பங்குக்காரவுக காசு இது."

எனக்கு அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. கையில கரண்டி இருந்துச்சு. அதக் கழுவுனேன். கழுவுன கரண்டிய மறுபடி கழுவுனேன்.

அவன் யாழினியக் கூப்புட்டான். போன வருசம் அவ இதே பொட்டியில ஒரு வெளையாட்ட வாங்கிப்புட்டு அப்பன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா. அதுக்கும் மேல, அந்த வாரந்தான் தமிழ் கிளாஸுக்கு இந்தியா மேப்பு வேணும்னு வீடு பூராவும் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சா. வேற யாரு மேல சந்தேகம் வரும்?

"நான் செய்யவில்லை அப்பா."

"பொய் சொல்லாத. அதுல தமிழ்ல தெளிவாக் கேட்டுருக்கு, சந்தாவை உறுதி செய்ய விரலை வைக்கவும்னு. படிச்சுட்டுத்தான வச்ச?"

"நான் செய்யவில்லை." என்னையத் திரும்பிப் பாத்தா. "அப்பத்தா, நான் செய்யவில்லை."

என்னைய நம்பித்தான் பாத்தா செல்லாயி. நான், "சரி விடுப்பா, சின்னப்பிள்ள"ன்னேன். கேட்டியா? சின்னப்பிள்ளன்னேன். அவளுக்கு வக்கீலு மாதிரி பேசி, குத்தத்த அவ தலையிலயே எறக்கி வச்சேன்.

கெவினுக்குச் சொன்னாக. அந்தக் கடைக்காரவுககிட்ட காசத் திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கேப்போம், அது தீர்ற வரைக்கும் புதுசா ஒண்ணும் வாங்க வேணாம்னுட்டான். சார்ட்டு இல்லாம வண்டி மேல போகக் கூடாது. வியாழக்கெழம பழைய சார்ட்டு செத்துப்போச்சு. ஞாயித்துக்கெழம பொறந்த நாளு, அந்தப் பிள்ள புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு சோபாவுல உக்காந்து சன்னலப் பாத்துக்கிட்டு இருந்தா. கலா பாயாசம் வச்சா. அவ ரெண்டு கரண்டி குடிச்சுட்டு வச்சுட்டா. மிச்சத்த நான் குடிச்சேன்டி. வீணாப் போகுதேன்னு குடிச்சேன். எந்தொண்டையில எறங்குனது எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

ஏன் சொல்லலங்குற? இங்கிலீசு தெரியாதுன்னு சொல்ல எனக்கென்ன வெக்கம். அது யாருக்கும் தெரிஞ்சதுதான. ஆனா அது தமிழ்ல கேட்டுருக்கு. தமிழ்ல கேட்டத ஏன் படிக்கலன்னு அந்தப் பிள்ள கேட்டா? குமாருக்குத் தெரியும், கலாவுக்கும் தெரியும். யாழினிக்கு மட்டும் தெரியாது. நான் வந்த புதுசுல, எட்டு வயசு அவளுக்கு, தமிழ் நோட்டத் தூக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தா. ஆத்தாகிட்டப் போகாம எங்கிட்ட வந்தாளேன்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. வெரல வரிக்குக் கீழ வச்சு ஓட்டி, தலைய ஆட்டி, "சரியா இருக்கு ஆத்தா"ன்னேன். அன்னிலேருந்து வாராவாரம் அவ குடுக்குறா, நான் ஓட்டுறேன். நாலு வருசம்.

5

மறுபடியும் அறுந்துச்சா? இல்ல, ஓடுது. மாவுல தண்ணி கூடிப்போச்சு, இரு, கொஞ்சம் மாவு போட்டுக்கிறேன்.

பொறந்த நாளுக்கு மறுநா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா. நான் பிரிட்ஜு கதவத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். அதுல காந்தம் வச்சு ஒரு காயிதம் ஒட்டியிருந்துச்சு, வியாழக்கெழமயில இருந்து. அதையும் சேத்துத் தெனம் தொடைக்கிறதுதான்.

"அப்பத்தா, இந்தக் காகிதம் என்னவென்று தெரியுமா?"

"அப்பா ஆபீசு காயிதம்."

"ரசீது. இந்தியா வாங்கிய ரசீது. நேரம் போட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்."

எங்கையில துணி. அந்தக் காயிதத்த நான் அஞ்சு நாளாத் தொடச்சுருக்கேன். நான் செஞ்சத எம்மூக்குக்கு நேரா எழுதி ஒட்டி வச்சுருக்கு, நான் அதுல தூசி தட்டிக்கிட்டு நிக்கிறேன்.

"அப்பாவுக்குத் தெரியும். வியாழக்கிழமையே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீயாகச் சொல்லுவாய் என்று காத்திருக்கச் சொன்னார். நான் உனக்காகத்தானே தமிழில் மாற்றி வைத்தேன். ஏன் அப்பத்தா படிக்கவில்லை?"

கேட்டுட்டா. எதுக்குப் பயந்தேனோ அதே கேள்வி. கண்ணாடி போடலன்னு சொல்லலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். நெசமாத்தான்டி, வாய் வரைக்கும் வந்துச்சு.

"எனக்குப் படிக்கத் தெரியாது ஆத்தா."

"ஆங்கிலம்தானே?"

"தமிழுந்தான்."

பொறந்த நாளு போச்சேன்னு அழுவான்னு நெனச்சேன். கடலப் பாக்கப் போகலையேன்னு கத்துவான்னு நெனச்சேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. பைய எறக்கி வச்சா.

"அப்படியென்றால் என் ஹோம்வொர்க்?"

நான் தொடைக்கிற துணியப் பிரிட்ஜு மேல வச்சேன்.

"எல்லாம் சரி என்றாயே. வாழைப்பழம் தவறு என்று டீச்சர் சிவப்புக் கோடு போட்டார்கள். நான் சண்டை போட்டேன். என் அப்பத்தா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், அவர் சரி என்று சொன்னார் என்று எல்லோர் முன்னாலும் சண்டை போட்டேன். அப்புறம் டீச்சர், உங்கள் ஊர் வழக்காக இருக்கும் என்று மார்க் கொடுத்துவிட்டார்கள்."

நம்ம வாயில அது வாளப்பளந்தான. அவளும் நம்ம வாயக் கேட்டு அப்புடியே எழுதியிருக்கா. எனக்காக அந்தப் பிள்ள ஒரு கிளாஸு முன்னாடி நின்னு வாதாடியிருக்கு செல்லாயி. அவளுக்காக ஒரு வார்த்த பேச எனக்கு வாயி வரல.

சாயங்காலம் குமாரு வரவும் நானே சொன்னேன். "தெரியும்மா"ன்னான், அம்புட்டுத்தான். கெவினுகிட்டயும் கலாவ விட்டுச் சொல்லச் சொன்னேன். "பக்கி, அந்த இந்தியாவக் காட்டு பாப்போம்"ன்னானாம். அப்பத்தான் குமாரு அந்தப் படத்த விரிச்சுக் காட்டுனான். திருச்சி இருக்கு. காரக்குடிக்கு அங்கிட்டு ஏதோ பழைய ஓடுபாதையாம், அது இருக்கு. நம்ம ஊரு இல்ல. ஏரோப்பிளான் எறங்காத ஊருக்கு அதுல பேரு கெடையாதாம். வெறும் வெளுப்பு. அந்த வெளுப்ப வாங்கத்தான் நான் வெரல வச்சது.

6

யாழினி மூணு நாளு எங்கூடப் பேசல. வெள்ளிக்கெழம வந்து, "நாளைக்குத் தமிழ் வகுப்புக்கு நீயும் வரவேண்டும்"னா. எதுக்குன்னு கேக்கல நான். தெரியாதா.

நேத்துப் போனேன். டீச்சரம்மா எனக்கு ஒரு நாக்காலி போட்டாக, பிள்ளைக உக்கார்ற குட்டி நாக்காலி. முழங்காலு நெஞ்சுக்கிட்ட வந்துருச்சு. அங்க உக்காந்து, பதினஞ்சு பிள்ளைக பாக்க, சொன்னேன்: "டீச்சரம்மா, எனக்கு எழுத்துத் தெரியாது. வாழப்பழத்துக்கு நான் சொன்னது பொய்யிங்க."

அவுக, "பரவாயில்லம்மா"ன்னாக. யாழினி விடல. பழைய நோட்ட எடுத்துட்டு வந்து நீட்டுனா. "அந்த ஒரு மார்க்கை எடுத்துவிடுங்கள் டீச்சர்"னா. டீச்சரம்மா என்னையப் பாத்தாக, அவளப் பாத்தாக, அடிச்சுட்டு எழுதுனாக. வார வழியில கார்ல எங்கைய அவ புடிக்கல. ஆனா எறங்கயில கதவத் தொறந்து விட்டா.

அந்தக் கடைக்காரவுக கிட்டேருந்து இன்னும் பதிலு வரல. அதுக்காக இன்னொரு ஞாயித்துக்கெழமய விட முடியாதுன்னு கெவினே சொல்லிட்டான். இன்னிக்குக் கடலுக்குப் போறாக. கெவினு சொன்ன அந்தச் சின்னச் சந்தாவ இப்பக் கட்டணும், இருவத்தெட்டு நாளைக்கு ஒருக்கா கட்டுறது. வழிக்குத்தான் இந்தச் சப்பாத்தி. நாலாவது சீட்டு காலியா இருக்கு, நீங்களும் வாங்கன்னு கெவினு சொன்னான். மாட்டேன்னுட்டேன். யாழினியா வந்து கூப்புடட்டும். அவ கூப்புடல, நானும் போகல.

ஆனா ஒண்ணு சொல்லிட்டா. சந்தாவுக்கு வெரல நாந்தான் வைக்கணுமாம். ஒவ்வொரு தடவையும். மொதல்ல அதுல எழுதியிருக்கத அவ சத்தமாப் படிப்பாளாம், ஒரு வரி விடாம. நான் நின்னு முழுசாக் கேக்கணுமாம். என்ன கேட்டுச்சுன்னு அவ திருப்பிக் கேப்பா, நான் சொல்லணும். சரியாச் சொன்னாத்தான் வெரலு.

தோ, கூப்புடுறா. மேசையில பொட்டிய வச்சுக்கிட்டு நிக்கிறா, ஷூவெல்லாம் போட்டாச்சு. தோ வாரேன் ஆத்தா, கையெல்லாம் மாவு. செல்லாயி, வச்சுறேன். மாவு வெரலு விழாது, கழுவணும்.